பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பவர்

ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அவர் நம்பமாட்டார்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு அவர் முதன்முதலில் வந்தது ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை மாலை. நான் செயலாளராகி நாலாவது மாதம். வருஷத்தை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால், எங்கே தேடுவதென்று தெரிந்தவர்கள் தேடி அவர் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பெயரையும் சேர்த்து.

சங்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. சோற்றுத் தூக்குப் போசி அளவுதான் இருக்கும். பால் எடையையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு, ஊற்றியவருக்குச் சீட்டு அச்சடித்து, கணக்கைத் தர்மபுரியில் இருக்கும் பால் ஒன்றியத்துக்கு அனுப்பிவைக்கும். உள்ளே கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அதுதான் அதன் மூளை. செய்து விற்ற கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. இரண்டு நாளாகப் பெட்டி எழவில்லை என்று ஒன்றியத்தில் முறையிட்டதற்கு, "கடத்தூர்ல ஒரு அம்மா இருக்காங்க, அனுப்பறோம்" என்றார்கள்.

மொபெட்டில் வந்து இறங்கியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோளில் ரெக்சின் பை. வணக்கம்கூடச் சொல்லாமல் பெட்டியைத் திறந்தார். நாற்பது நிமிஷத்தில் சீட்டு வந்தது. வரிசையில் நின்றவர்கள் "அப்பாடா" என்றார்கள், நானும் சொன்னேன். அவர் திரும்பி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஏங்க, ஏங்க! இப்பத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சுங்க. எழுந்துக்குமான்னு பாக்கணுமில்ல?"

கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். ஒந்து, எரடு, மூரு, நால்கு... தாய்வீடு எல்லைப் பக்கம், வீட்டில் கன்னடம். நல்ல தமிழ் பேசுவார், எண்ணுவது மட்டும் கன்னடத்தில். இருபது வந்ததும் பிளக்கைச் செருகினார். பெட்டி எழுந்தது. மறுபடி பிடுங்கினார். மறுபடி எண்ணினார்.

ஐந்தாவது தடவை வரிசையின் தலையில் நின்ற மாதம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று மாடு வைத்திருப்பவர். ஊரில் யாருக்கும் பயப்படாத வாய்.

"ஏம்மா, புள்ளயத் தூங்க வெச்சு எழுப்பி, தூங்க வெச்சு எழுப்பிக்கிட்டே இருந்தா அது அழுவாதா?"

"இப்ப அழுதாப் பரவால்லீங்க. விடியக்காலம் அழக்கூடாது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலேயே.

வரிசை சிரித்தது. பத்து தடவை முடிந்த பிறகுதான் பையை மூடினார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெட்டிக்காரம்மா என்று பெயர். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சங்கத்தில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் வேலை. மற்ற நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஆக, பெட்டி தினம் இரண்டு முறை செத்து இரண்டு முறை பிழைக்க வேண்டும். பாலுக்குக் காத்திருக்கத் தெரியாது. டேங்கர் வண்டி ஏழரைக்கு வரும், ஏழே முக்காலுக்குப் போய்விடும். சீட்டு இல்லாத பாலை ஏற்றாது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் அவருக்குச் சொன்னேன். "அதாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

'நீங்க பாத்தீங்களா?' இதுதான் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. கேள்விதான், ஆனால் குத்தல் இருக்காது. பொம்மிடி ரயில் தாமதம் என்பீர்கள். "பாத்தீங்களா?" கம்பைநல்லூர்ச் சந்தையில் தக்காளி விலை விழுந்துவிட்டது என்பீர்கள். "பாத்தீங்களா?" ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்துவிட்டது என்று யாரோ சொல்ல, இவர் "பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு நேரே உள்ளே போய், காலியாக இருந்த கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் வெளியே பசியோடு நின்றுகொண்டிருந்தோம்.

எனக்கும் அவருக்கும் ஒட்டிப்போனதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். எனக்கு ஊர் வரலாற்றில் பைத்தியம். எங்கள் பக்கத்து நடுகற்களைத் தேடிப் போய், எழுத்தைப் படித்து, காலத்தைக் குறித்துவைப்பேன். தினசரி நாட்குறிப்பும் உண்டு: மழை, மின்தடை, யார் வீட்டில் சாவு, எந்தப் பேருந்து நின்றுபோயிற்று. ஒரு நாள் ஒரு கல்லின் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் வழக்கம்போலக் கேட்டார்: "பாத்தீங்களா?"

"மூணு தடவை போய்ப் பாத்தேம்மா. மாவு தடவிப் படிச்சேன். பாக்காமயே காலம் எழுதறவங்க இருக்காங்க. அதுக்குப் பேரு வரலாறு இல்ல, திருட்டு."

அவர் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். மதிப்பு வைத்த பார்வை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவருடைய வேலை எப்படிப்பட்டதென்று மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். கம்பெனி போய்விட்டது, ஆனால் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் கம்பெனியுடையது அல்ல. உலகம் முழுக்க முகம் தெரியாதவர்கள் சேர்ந்து பொதுவில் எழுதுவது. அதன் நடுக்கட்டைக்குக் கெர்னல் என்று பெயர். மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து மற்றதையெல்லாம் எழுப்புவது அதுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை அது புதிதாக வரும். பழையதையே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"வெச்சுக்கலாங்க. ஒன்றியத்துல கம்ப்யூட்டரை மாத்தும்போது, பழைய பூட்டோட வர்ற பொட்டியைக் கதவைத் தொறந்து உள்ள விடமாட்டாங்க. புதுப் பூட்டு வேணும்னா புதுக் கெர்னல் வேணும்."

"புதுசு போட்டாப் போச்சு."

"போட்டா எழுந்துக்கணுமே? எழுதறவங்க மேசை மேல இருக்கறது புதுப் பலகைங்க. நம்முளுது பத்து வருசப் பழசு. அவங்க ஒரு வரியை மாத்துவாங்க, நம்ம பலகை படுத்துக்கும். அவங்களுக்குத் தெரியாது. நாமதான் பாத்துச் சொல்லணும்."

இன்னொரு தொல்லையும் இருந்தது. பலகையில் கெர்னலுக்கென்று ஒதுக்கிய இடம் செய்தபோதே முடிவாகிவிட்ட இடம், கூட்ட முடியாது. கெர்னலோ வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது. "கட்டில் அதே கட்டில், புள்ள வளந்துக்கிட்டே போவுது" என்பார். எங்கள் பெட்டிக்குத் தேவையில்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே அடைப்பார். ஒருமுறை ஒரு நகக்கண் அளவு இடம் மிச்சமானதற்கு எனக்குக் காலையிலேயே போன் செய்து சொன்னார். நான் என்ன சொல்வது? "நல்லதும்மா" என்றேன்.

அந்த முகம் தெரியாதவர்களோடு ஒரு பொது மடல் குழுவில் அவர் பேசுவார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுதத் தயக்கம். எனக்கு எழுத வரும் என்று நான்தான் முன்வந்தேன். என் முதல் மடலைப் 'பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கியிருந்தேன். அவர் திரையில் விரலை வைத்தார்.

"இது எதுக்குங்க சார்?"

"ஒரு மரியாதைக்கும்மா."

"பலகை எழுந்துச்சான்னுதானங்க கேட்டாங்க? நம்ம சந்தோஷத்தைக் கேக்கலியே."

அடித்துவிட்டு எழுதினேன்: 'பத்து முறை மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டேன். பத்து முறையும் எழுந்தது.' அதற்கு மறுநாளே எங்கிருந்தோ ஒருவர் நன்றி எழுதினார். முப்பது வருஷமாகப் பத்திரிகைகளுக்கு எவ்வளவோ கடிதம் எழுதியிருக்கிறேன், ஒருவரும் பதில் போட்டதில்லை.

பலகையில் இரண்டு வகை உண்டு. அவர் வீட்டில் இருந்தது இரண்டாம் வகை. எங்கள் பக்கத்துப் பதினொரு சங்கங்களில் ஏழில் இருந்தது முதல் வகை, எங்களுடையதும் அதுதான். முதல் வகையில் உதிரியாக ஒரே ஒரு பெட்டிதான் கிடைத்தது. அதை என்னிடம் கொடுத்து, ஒரு நோட்டையும் கொடுத்தார். புதுக் கெர்னல் வந்தால் அதில் ஏற்றி, பத்து முறை பிளக்கைப் பிடுங்கி, இருபது எண்ணி, செருகி, ஒவ்வொன்றுக்கும் நேரத்தோடு எழுத வேண்டும். பெட்டியில் மறுதொடக்கப் பொத்தான் ஒன்று உண்டு. அதை மட்டும் நம்பக் கூடாது என்றார்.

"பொத்தானை அமுத்தினா அது முழுசாத் தூங்கறதில்லீங்க. போன தடவை உள்ள போட்ட சுவிட்சு எல்லாம் போட்டபடியே கெடக்கும். புதுக் கெர்னல் ஒரு சுவிட்சைப் போட மறந்திருந்தாலும் வெளிய தெரியாது. கரண்டைப் புடுங்கி, உள்ள தங்கினது வடிஞ்சு, செத்த பொணமா ஆகணும். அப்புறம் எழுந்துச்சுன்னாத்தான் எழுந்துச்சு."

மூன்று முறை ஒழுங்காகச் செய்தேன். அந்த முகம் தெரியாதவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடும் மணியோடும் பதிவு செய்கிறவர்கள். யார் எழுதியது, யார் சோதித்தது என்று பெயர் போடுவார்கள். பிறகு தவறென்று தெரிந்தால் இன்னொரு பதிவு மேலே வரும். கீழே இருப்பதை யாரும் அழிக்கமாட்டார்கள். பெட்டிக்காரம்மா, 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் முழுப் பெயரைப் போட்டிருந்தார். நான் கேட்கவில்லை. அச்செடுத்து என் மனைவியிடம் காட்டினேன்.

"பாக்கறேன் பாக்கறேன். அரிசி ஊறவெச்சிருக்கேன், நகருங்க" என்றார்.

ஆவணி மாதம். ஒன்றியத்தில் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பழைய பூட்டை ஏற்கமாட்டோம் என்று சுற்றறிக்கை வந்தது. பெட்டிக்காரம்மா கெர்னலைத் தயார் செய்ய நாளாகிவிட்டது. வழக்கமாக ஒவ்வொரு ஊருக்கும் நேரில் போய்ப் போடுவார். அந்தத் தடவை இணையம் வழியாக எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாலையில் அனுப்புவதென்று முடிவு செய்தார். திங்கட்கிழமை என் வீட்டுக்கு வந்து நினைவட்டையையும் நோட்டையும் கொடுத்தார்.

"நேர்ல போக நாள் இல்லீங்க சார். உங்க நோட்டுதான் இந்தத் தடவை எனக்குக் கண்ணு."

"நான் பாத்துக்கறேம்மா."

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் பெட்டியில் ஏற்றினேன். எழுந்தது. பொத்தானை அழுத்தினேன். எழுந்தது. இன்னொரு முறை. எழுந்தது. அப்போது ஒரு நண்பர் போன் செய்தார். மொரப்பூர்ப் பக்கம் ஒரு காட்டை இயந்திரம் வைத்துச் சமன் செய்கிறார்கள், எழுத்தோடு ஒரு கல் கிளம்பியிருக்கிறது, மதியத்துக்குள் வராவிட்டால் வரப்பில் போட்டு மூடிவிடுவார்கள் என்றார். பிளக்கைப் பிடுங்கவே இல்லை. சாயந்திரம் வந்து செய்துகொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன்.

ஆறு மணிக்குத் திரும்பினேன். கல்லின் எழுத்தில் மனம் இருந்தது. பெட்டிக்காரம்மாவின் போன் வந்தது. "என்னாங்க சார், எழுந்துச்சுங்களா?"

"பத்துக்குப் பத்தும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். ஒன்பது ஐம்பது, பத்து ஐந்து, பத்து இருபது, பத்து முப்பத்தைந்து என்று பத்து வரி எழுதினேன். ஒரே நேரம் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொண்டேன். எதிரே 'எழுந்தது', 'எழுந்தது'. கையெழுத்து அழகாகவே இருந்தது.

புதன்கிழமை மாலை, பால் ஊற்றி முடிந்ததும் பெட்டிகளுக்குப் புதுக் கெர்னல் போய்ச் சேர்ந்தது. பெட்டிகள் தாமாக மறுதொடக்கம் செய்துகொண்டன. எல்லாம் எழுந்துவிட்டதாக அவருக்குச் செய்தியும் போயிற்று. பிறகு பதினொரு ஊரிலும் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு முதல் வகைப் பெட்டி ஒன்றுகூட எழவில்லை. ஏழு ஊரில்.

பெட்டிக்காரம்மா எங்கள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது எட்டு மணி. வாசலில் நாற்பது பேர். கேன்கள், போசிகள், ஒரு குழந்தையின் அழுகை. டேங்கர்க்காரர் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். பழைய முறையில் அளந்து எழுதித் தருகிறேன் என்றேன். "சீட்டு இருந்தா ஏத்தறேன், இல்லேன்னா எம் மேல போடுவாங்க" என்று வண்டியை எடுத்துவிட்டார். சிலர் டீக்கடைக்குக் கொண்டுபோனார்கள். சிலர் உறை ஊற்றப் போனார்கள். மாதம்மாள் வீட்டில் அடுத்த நாள் பேத்திக்குக் காதுகுத்து. வீடு நிறைய ஆள், உறை ஊற்றப் பாத்திரமும் நேரமும் இல்லை. அத்தனை பாலை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சங்கத்து வாசலிலேயே நின்றார். பெட்டிக்காரம்மா மொபெட்டை நிறுத்தியதுதான் தாமதம்.

"வாம்மா மகராசி! பத்து வாட்டி புடுங்கிப் புடுங்கிச் சொருகுனியே, இதுக்குத்தானா? நாலு எழுத்துப் படிச்சிட்டா எங்க மாட்டு மடி உங்க பொட்டிக்குள்ள இருக்குதுன்னு நெனப்பா? உன் வூட்டுப் பாலுன்னா இப்படி வுடுவியா? எந்த ஊரோ, எந்த பாஷையோ, எங்க வயித்துல அடிக்கறதுக்குன்னே வந்து சேந்த."

பெட்டிக்காரம்மாவின் முகம் சிவந்தது. குனிந்து பெட்டியைத் திறந்தார். மாதம்மாள் பால் போசியைத் தூக்கி மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, காலிப் போசியை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் பெட்டிக்கு இந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், கையில் சீட்டுக் கட்டோடு நின்றேன். வாயைத் திறக்க எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம்தான். சீட்டுக் கட்டை எண்ணத் தொடங்கினேன்.

ஒவ்வொரு ஊராகப் போய்ப் பழைய கெர்னலைத் திரும்ப ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் அவர் வீடு போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தர்மபுரியில் கூட்டம். ஒன்றியத்து அதிகாரி, ஏழு ஊர்ச் செயலாளர்கள், நடுவில் அவர். அதிகாரி மோசமானவர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "அனுப்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணீங்களாம்மா?"

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். சனிக்கிழமையே ஆள் அனுப்பி என்னிடமிருந்து வாங்கியிருந்தார். பக்கத்தைத் திறந்தார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் விரல் என் பத்து வரிகளின் மேல் மெல்ல இறங்கியது. நின்றது. பிறகு நோட்டின் முன் அட்டையைத் திருப்பினார். உள்பக்கத்தில் அவர் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: எந்த ஊருக்கு எந்த நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்ற பட்டியல். சோதனையை அந்த நாளில் வைக்காமல் இருப்பதற்காக. அந்த வார அவசரத்தில் யாரும் அதைப் புரட்டவில்லை. எங்கள் ஊருக்கு அந்த மாதம் அந்தச் செவ்வாய். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.

நான் மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டதாக எழுதிய அத்தனை நேரமும் ஊரில் மின்சாரமே இல்லை.

அவர் நோட்டை மூடினார். என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம் சொன்னார்: "முதல் வகைப் பலகையை நான் என் கண்ணால பாக்கலீங்க. பாக்காம அனுப்பினது என் தப்பு."

அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. அதுதான் அவர். என்னைக் காப்பாற்றுவதற்காகக்கூட அவர் பார்க்காததைச் சொல்லவில்லை. அறையில் மின்விசிறி ஓடியது. நான் தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, கல்லின் அளவுகளுக்குக் கீழே, என் கையெழுத்திலேயே இருந்தது: 'நாள் முழுதும் மின்தடை. கிரைண்டர் ஓடவில்லை என்று வீட்டில் குறை.' இரண்டு புத்தகம், ஒரே கை, ஒரே மை.

மூன்று நாளில் அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கோ யாரோ மாற்றிய ஒரு வரியால், முதல் வகைப் பலகையில் ஒரு உள் சுவிட்சு போடப்படாமல் இருந்தது. அதைத் திருத்திப் பொதுப் பதிவுக்கு அனுப்பினார். இந்த முறை மடலை எழுத என்னைக் கூப்பிடவில்லை. அவருடைய உடைந்த ஆங்கிலத்திலேயே இருந்தது: முன்பு அனுப்பிய சோதனை முடிவு தவறு, பொறுப்பு என்னுடையது. அதற்குக் கீழே, பழைய பதிவில், 'சோதித்தவர்' என்று என் பெயர் இன்னும் இருக்கிறது.

திருத்திய கெர்னலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். மனைவியிடம் பேத்திகளைப் பற்றி விசாரித்தார். உதிரிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவரே பிளக்கைப் பிடுங்கினார், அவரே எண்ணினார், அவரே எழுதினார். ஒரு மணி நேரம். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை, "பேனா குடும்மா, நான் எழுதறேன்" என்றேன்.

"இருக்கட்டுங்க சார்" என்றார். அதே மரியாதை, அதே குரல். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த நோட்டை நான் பார்க்கவில்லை.

ஒன்றியம் ஆறு மாதத்தில் எல்லாப் பெட்டிகளையும் மாற்றிவிட்டது. புதியவை மூடி முத்திரையிட்டவை. திறக்க முடியாது, திறக்கத் தேவையும் இல்லை என்றார்கள். பெட்டிக்காரம்மாவை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். உதிரிப் பெட்டியைத் திருப்பித் தர அவர் வீட்டுக்குப் போனபோது சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார்" என்றார். "அம்மா, அந்த ஆவணி மாசம்..." என்று ஆரம்பித்தேன். வண்டிக்காரர் கயிறு கேட்டார். அவர் கயிறு எடுக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். வழியெல்லாம் எனக்கு இருந்தது நிம்மதி. அதை நினைத்தால்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

பல வருஷம் கழித்து, போன கார்த்திகையில், அந்தப் பொது மடல் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தப் பதிவில் சோதித்தவர் என்று இருப்பது நான், நான் சோதிக்கவில்லை, பின்னால் பொறுப்பேற்றவர் மேல் தவறில்லை. இந்த மூன்று வரியை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. மறுநாள் யாரோ ஒருவர் சுருக்கமாகப் பதில் போட்டார். பதிவை மாற்ற முடியாது, தெரிவித்ததற்கு நன்றி. எப்படியும் அந்த முதல் வகைப் பலகையை அடுத்த வெளியீட்டில் நீக்கப்போகிறோம், வைத்திருப்பவர் யாரும் இல்லை என்று நினைக்கிறோம், இருந்தால் சொல்லவும்.

என்னிடம் இருந்தது. அலமாரியின் மேல் தட்டில். தூசி தட்டி, புதுக் கெர்னலை ஏற்றினேன். அதற்கே ஒரு வாரம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முறை பிளக்கைப் பிடுங்கினேன். எட்டு முறை எழுந்தது, இரண்டு முறை எழவில்லை. எந்த இரண்டு என்று நேரத்தோடு எழுதி அனுப்பினேன்.

அதற்கு வந்த பதில், குழுவில் நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு பெயரிலிருந்து வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. ஒரே வரி: 'நீங்கள் செய்யும்போது கூட இருந்து பார்த்தவர் யார்?'

நியாயம். என் சொல்லை மட்டும் வைத்து எதையும் எழுப்பவோ நிறுத்தவோ கூடாது என்று நானேதானே கடிதம் போட்டிருந்தேன். மறுபடி செய்ய வேண்டும், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். யாரைக் கூப்பிடுவதென்று யோசித்தபோது, கூப்பிட வேண்டிய ஆள் ஒருவர்தான் என்று தெரிந்தது. அவரிடம் காரணம் சொல்லாமல் கூப்பிட முடியாது என்பதும் தெரிந்தது.

மாதம்மாள் கொட்டகையில் சாயந்திரப் பால் கறந்துகொண்டிருந்தார். இப்போது ஒரு மாடுதான். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, கல், மின்தடை, கூட்டம். கறக்கும் சத்தம் நின்றது.

"அப்போ அன்னைக்கு அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல?"

"இல்லீங்க."

"எந்த பாஷையோன்னு ஏசுனேன். வயித்துல அடிக்க வந்தவன்னு சொன்னேன். ஒரு வார்த்த திருப்பிப் பேசலியே அது." திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேங்க."

"நின்னீங்க" என்றார். மாடு காலை மாற்றி வைத்தது. போசியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "உங்க பொட்டிய அப்புறம் வந்து பாக்கறேன். மொதல்ல அந்தப் பொண்ணுக்குப் போனு போடுங்க. நான் பேசணும்."

"இப்பவா?"

"பின்ன எப்போ?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். எண் என் போனில் இருந்தது. இத்தனை வருஷமும் இருந்தது.